நீ துடைத்த படம்

தம்பி,

நீ பெட்டி அடுக்குகிறாய். ஸிப்பை இழுத்து மூடுவதும், எதையோ மறந்துவிட்டுத் திரும்பத் திறப்பதுமாகச் சத்தம் குசினி வரைக்கும் கேட்கிறது. எனக்கு உதவிக்கு வர மனமில்லை. வந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய், போகிற நேரத்தில் அது எங்களுக்குத் தேவையா? அதனால் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு இந்த மேசையில் இருந்து எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். விளங்காத இடத்தில் மாமாவுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டு. அவருக்குத் தெரியக்கூடாத ஒன்றும் இதில் இல்லை. வேறு யார் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. என்னைப் போலப் பெண்கள் இந்த மொன்றியலில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும்.

அன்றைக்கு ஊர்வலம் முடிந்து மெட்ரோவில் திரும்பி வரும்போது, "ஏனம்மா றோட்டில நிண்டு அப்பிடிக் கத்தினனீங்கள்?" என்று கேட்டாய். சும்மா என்று சொன்னேன். சும்மா யாராவது டவுன்டவுனில் நடு வீதியில் நின்று கத்துவார்களா? நீயும் மேற்கொண்டு கேட்கவில்லை. அப்பாவைப் பற்றிய எதையும் நீ இரண்டாம் தரம் கேட்பதில்லை, சின்ன வயதிலேயே அப்படிப் பழகிவிட்டாய். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். பதில் ஒரே சொல்தான். பொறாமை. டோரிஸைப் பார்த்து எனக்கு வயிறெரிகிற பொறாமை. நீ சிரிப்பாய். சிரி. முழுவதையும் வாசித்துவிட்டுச் சிரி.

டோரிஸ் யாரென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீ தாதிப் படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போனாயே, டவுன்டவுனில் வீடில்லாத பெண்கள் பகலில் வந்து சாப்பிட்டு இளைப்பாறிப் போகிற இடம், அங்கே சூப் காய்ச்சிக் கொடுக்கிற மனுஷி. க்ரீ இனத்தவள், இந்த நாட்டின் பூர்வகுடி. வடக்கே நீ இப்போது வேலைக்குப் போகிற ஊர்தான் அவளுக்குச் சொந்த ஊர். அவளுடைய மகள் அனி படிப்பதற்கு இந்த நகரத்துக்கு வந்து, ஒரு நாள் காணாமல் போனாள். ஒரு வருஷம் கழித்துப் பனி உருகிய நேரத்தில் உடலாகக் கிடைத்தாள். கொன்றது யாரென்று இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. மகளைத் தேடி வந்த டோரிஸ் ஊரிலே புதைத்துவிட்டு மறுபடி இங்கே வந்து, மற்றவர்களுடைய மகள்களுக்குச் சூப் காய்ச்சத் தொடங்கினாள். இப்போது வயதாகிவிட்டது, திரும்பிப் போகிறாள். உனக்கு அங்கே குவாட்டர்ஸ் கிடைக்கும் வரைக்கும் தன் வீட்டிலேயே அறை தருகிறாள். எல்லாம் நல்ல விஷயம்தான். நல்ல விஷயம் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்ட பொம்பிளை என்றால் ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்திருப்பேன்.

முதலில் அவள் உனக்கு வெறும் டோரிஸ். பிறகு கையுறை பின்னித் தந்தாள், அன்றிலிருந்து டோரிஸம்மா. நான் கடையில் வாங்கித் தந்த கையுறைகளையெல்லாம் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் தொலைத்துவிட்டு வருவாய், அவள் பின்னியதை மட்டும் ஒரு குளிர்காலம் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்தாய். ஒரு நாள் வேலையால் வந்து, டோரிஸம்மா பனொக் என்று ஒரு ரொட்டி சுடுவா, எங்கட ரொட்டி மாதிரியே இருக்கும் என்றாய். அடுத்த நாள் நான் தேங்காய்ப்பூப் போட்டு ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பலும் இடித்து வைத்தேன். நீ சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்து, எது திறம் என்று கேட்டேன். இரண்டும் என்றாய். இரண்டும் என்று சொல்ல உனக்கு யார் படிப்பித்தது? நாளைக்கு உனக்கு ஒரு மனைவி வந்து, அம்மாவின் கறியா என்னுடைய கறியா என்று கேட்டால் இரண்டும் என்று சொல்லாதே. யாராவது ஒருத்தியைச் சொல்லு, என்னை விட்டுவிட்டு அவளைச் சொன்னாலும் பரவாயில்லை. இரண்டும் என்பது கேட்கிற ஆளுக்கு ஒரு பதிலும் இல்லை.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. உண்மையான பொறாமை அனியின் படத்தோடு வந்தது. காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களை நினைத்து அவர்களுடைய ஆட்கள் ஆண்டுதோறும் கூடுவார்கள், ஊர்வலமாக நடப்பார்கள், டோரிஸம்மாவுக்கு முழங்கால் ஏலாது, இந்த முறை அனியை நான் தூக்குகிறேன் என்று சொல்லி, அந்தப் பெரிய படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். பலகையில் ஒட்டி, பிடிப்பதற்குத் தடி அடித்த படம். சோபாவில் சாய்த்து வைத்தாய். பல் தெரியச் சிரிக்கிற பிள்ளை, ஒரு பக்கத்துக் காதில் மட்டும் தோடு. நான் வேலையால் வந்து கதவைத் திறந்தால் அவள் என் வீட்டு நடு அறையில் இருந்து என்னைப் பார்க்கிறாள். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து, உன் சட்டைக் கையை இழுத்து விரலுக்குள் பிடித்து, அவளுடைய முகத்தில் இருந்த தூசியை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தாய். கண்ணாடி போடாத படம். கீறிவிடக்கூடாது என்று அவ்வளவு கவனம். நான் சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். என்ர பிள்ளை இன்னொருத்தியின் பிள்ளையைத் துடைக்கிறான், தன் தகப்பனின் படத்தை அவன் ஒரு நாளும் துடைத்ததில்லை என்று நினைத்தேன்.

எப்படித் துடைப்பாய்? எங்களுடைய வீட்டுச் சுவரில் அப்பாவின் படம் இல்லையே. ஏன் இல்லை என்று உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை, நீ விளங்கியிருப்பாய் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஆட்களின் வீட்டில் ஒரு மனிதனின் படம் தனியாகச் சுவரில் ஏறினால், அதற்கு ஒரு மாலையும் ஒரு சின்னச் சிவப்பு லைட்டும் போட்டால், அவர் செத்துவிட்டார் என்று பொருள். வாசலில் நிற்கிற ஆளுக்கே தெரிந்துவிடும், கேட்க வேண்டியதில்லை. உன் அப்பா றேடியோ திருத்துகிறவர். ஊரில் சண்டை நடந்த காலம், ஒரு காலைநேரம் ஒரு சாமான் வாங்கச் சைக்கிளில் ரவுண் கடைக்குப் போனார், வரவில்லை. நீ அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாய். கேட்ட ராணுவ முகாமிலெல்லாம் இங்கே இல்லை என்றார்கள். செத்தார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாத சாவுக்கு நான் எப்படி மாலை போடுவது? அதனால் அவருடைய படம் அலுமாரியில், என் கூறைச் சேலையின் மடிப்புக்குள் படுத்திருக்கிறது. உன் பிறந்தநாட்களில் எடுத்துக் காட்டுவேன், திரும்ப மடித்து வைத்துவிடுவேன். தாலி கழுத்தில் இருக்கிறது. பொட்டு நெற்றியில் இருக்கிறது.

பெயரும் அப்படித்தான். அவருடைய பெயரை நான் வாயால் சொன்னதில்லை. என்னோடு படித்த பெட்டையள் பலர் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள், எனக்கு மட்டும் வாய் வரவில்லை. இஞ்சாருங்கோ என்பேன், திரும்பிப் பார்ப்பார். கல்யாணம் கட்டியிருந்த காலம் முழுக்க அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. அவரைத் தேடிப் போன இடங்களில் மாமாதான் பெயரைச் சொன்னார். மாமா இல்லாத இடங்களில் அடையாள அட்டையின் பிரதியை நீட்டினேன். ஒரு அதிகாரி, புருஷன்ர பேர் தெரியாமலா அம்மா தேட வந்தனீங்கள் என்று கேட்டுப் பகிடி பண்ணினான்.

பிறகு மாமா எங்களை இங்கே எடுப்பித்தார். விமானத்தில் நீ என் மடியில் நித்திரை. ஆட்கள் காணாமல் போகாத நாட்டுக்குப் போகிறோம், இவனாவது மிஞ்சுவான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த நினைப்போடு எவ்வளவு காலம் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்தேன், வில்லரேயில் அந்தக் கார்டரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பாஸ்தா அவித்தேன். இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களின் மகள்களே இங்கே காணாமல் போகிறார்கள், அவர்களைத் தேடவும் ஆட்கள் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நெஞ்சு திக்கென்றது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதற்கு அடுத்து வந்ததும் பொறாமைதான். அவர்களுக்குக் கூடுவதற்கு ஒரு நாள் இருக்கிறது, நடப்பதற்கு ஒரு வீதி இருக்கிறது, படம் தூக்க என்ர பிள்ளையும் இருக்கிறான். எனக்கு ஒரு அலுமாரி இருக்கிறது.

லவாலில் மாமாவின் மகளுடைய கல்யாணம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பெடியங்களோடு நின்று பகிடி விட்டுக்கொண்டிருந்தாய், இது உனக்குத் தெரியாது. ஆலாத்தி எடுப்பதற்கு இரண்டு சுமங்கலிப் பெண்கள் வேண்டும் என்று தேடினார்கள். நான்தான் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றேன். பொட்டோடு, பட்டுச் சேலையோடு, தாலியோடு. தட்டை வைத்திருந்த மாமி என்னைப் பார்த்தா, தட்டைப் பார்த்தா, பிறகு எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தியிடம் கொடுத்தா. கொஞ்சத்தால் வந்து என் கையைப் பிடித்து, குறை நினையாதை பிள்ளை, நல்ல காரியம் எண்டபடியால் என்றா. கைம்பெண்கள் இருந்த வரிசையைப் பார்த்தேன். அவர்கள் பாட்டுக்கு இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது, தம்பி. அவர்களுக்கு எந்தக் கதிரையில் இருப்பது என்று தெரியும்.

இதையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு நானும் வருகிறேன் என்று சொன்னேன். நீ ஆச்சரியப்பட்டாய், சந்தோஷப்பட்டாய். பூர்வகுடிப் பெண்களுக்காக அம்மா வருகிறா என்று நினைத்தாய். நான் போனது அந்த டோரிஸைப் பார்க்க. அவளிடம் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்க. புறப்படும்போது, ஏன் என்று எனக்கே தெரியாமல், அலுமாரியைத் திறந்து அப்பாவின் படத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். மெட்ரோவில் நீ அனியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய், நான் உன் அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உனக்குத் தெரியாது.

அந்தச் சதுக்கத்தில் மரங்களில், காணாமல் போன பெண்களுக்காகக் கட்டின சிவப்புச் சட்டைகள் தொங்கின. உள்ளே ஆளில்லாத சட்டைகள், காற்றுக்குக் கை அசைந்தன. நான் பார்க்கமாட்டாமல் நிலத்தைப் பார்த்தேன். பெண்கள் வட்டமாக நின்று மேளம் அடித்துப் பாடினார்கள். ஒருத்தி ஒரு சிப்பியில் ஏதோ காய்ந்த இலையைப் புகைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் அந்தப் புகையைக் கையால் அள்ளித் தலையிலும் நெஞ்சிலும் பூசினார்கள். எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை, கற்பூரத் தட்டுக்கு நாங்கள் செய்வதைத்தானே அவர்களும் செய்கிறார்கள் என்று நானும் அள்ளிப் பூசினேன். டோரிஸ் ரிப்பன் தைத்த நீளப் பாவாடையோடு தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். உன்னைக் கட்டிப்பிடித்தாள். அப்போது நீ கண்ணை மூடினாய். என்னைக் கட்டிப்பிடிக்கும்போது நீ கண்ணை மூடுவதில்லை, அடுப்பில் என்ன இருக்கிறது என்று தோளுக்கு மேலால் பார்ப்பாய்.

பிறகுதான் அந்த மேசை. படங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன மெழுகுதிரி. நீ எனக்குப் பக்கத்தில் வந்து, உனக்கே உரிய அந்த மெல்லிய குரலில் சொன்னாய்.

"அம்மா, அடுத்த முறை அப்பான்ர படத்தையும் கொண்டுவந்து வைப்பமே? டோரிஸம்மாட்டைக் கேட்டனான். வைக்கலாமாம்."

நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். காணாமல் போனவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே மேசையில், ஒரே மாதிரி மெழுகுதிரியோடு. அவர்களுக்கு அது மரியாதை. எங்களுக்கு அது தீர்ப்பு. அவளிடம் கேட்ட நீ, என்னிடம் ஏன் முதலில் கேட்கவில்லை?

"விளக்கு வைக்கிறதெண்டால், என்ர தாலியையும் கழட்டி அதுக்குப் பக்கத்தில வை," என்றேன்.

உன் முகம் செத்துவிட்டது. அதற்காக நான் இப்போது மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, அந்த நேரம் எனக்கு அதுதான் வந்தது. ஆனால் உன்னிடம் கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். தகப்பனுக்கு ஒரு இடம் தேடியிருக்கிறாய். தேடிப் பார்த்து, என்னிடம் இல்லாததால் அவர்களிடம் கேட்டிருக்கிறாய்.

டோரிஸ் கவனித்துவிட்டாள். நீ அவளுக்கு இங்கிலீஷில் ஏதோ விளக்கப்படுத்தினாய். அவள் என் கைப்பையைப் பார்த்தாள், நான் அதைப் பிடித்திருந்த மாதிரியிலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். மேசையில் வைக்க மனமில்லாதவர்கள் கையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள், நானும் அனியைத் தேடிய வருஷம் முழுக்க அப்படித்தான் நடந்தேன் என்றாள். இங்கிலீஷ் எனக்குக் குசினி இங்கிலீஷ்தான், ஆனாலும் இது முழுக்க விளங்கியது. அந்த வருஷம் அவளும் ஒரு மெழுகுதிரியையும் தன் மகளுக்குக் கிட்ட விடவில்லை.

ஊர்வலம் புறப்பட்டது. நீ அனியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாய். டோரிஸுக்கு வேகமாக நடக்க ஏலாது, எனக்கு வேகமாக நடக்க மனமில்லை, இரண்டு பேரும் பின்னுக்கு வந்தோம். கொஞ்சத் தூரம் போன பிறகு, அவள் தானாகவே ஒன்று சொன்னாள்.

"உன்னைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது."

நான் சரியாகக் கேட்டேனா என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை. தேடிய அந்த வருஷம்தான் தனக்கு மகள் இருந்த கடைசி வருஷம் என்றாள். நித்திரையில்லை, சாப்பாடில்லை, கண்ட கண்ட கதவையெல்லாம் தட்டியது, எல்லாம் சரி, ஆனால் மகள் இருந்தாள். திருப்பித் தந்தால் அந்த வருஷத்தை அப்படியே வாங்கிக்கொள்வேன் என்றாள். உனக்கு இன்னும் அது கையில் இருக்கிறது என்றாள்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இது என்ன, நான் ஆசைப்பட்டு வைத்திருக்கிற சாமானா? ஒரு வருஷம் என்றால் எவரும் சுமப்பார்கள். என்னுடைய வாழ்க்கை முழுக்க அந்த வருஷமாகவே போய்விட்டது, அது விளங்குமா இந்த மனுஷிக்கு? எனக்குத் தெரிந்த இங்கிலீஷையும் கார்டரி பிரெஞ்சையும் கலந்து சொன்னேன், உனக்குப் போய் இருக்க ஒரு குழி இருக்கிறது, புல்லுப் பிடுங்கலாம், பூ வைக்கலாம், என்ர மனுஷனுக்கு நான் எங்கே போய் இருப்பது, எனக்குத்தான் உன்னைப் பார்க்கப் பொறாமை என்றேன். சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் வந்தவர்கள் விலகி நடந்தார்கள். டோரிஸ் நடு வீதியில் தடியை ஊன்றி நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள், கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கிழவிகள், மற்றவளுடைய துக்கம் தன்னுடையதைவிடத் திறம் என்று நடு றோட்டில் சண்டை பிடிக்கிறோம். நீ திரும்பிப் பார்த்து, இவர்கள் சிநேகிதமாகிவிட்டார்கள் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கை காட்டினாய். சிநேகிதம் ஒன்றும் இல்லை. அவளுக்கு என்னிலும் எனக்கு அவளிலும் இருந்த பொறாமை அப்படியேதான் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல இரண்டு பேருக்கும் ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

ஊர்வலம் சுற்றி வந்து அந்தச் சதுக்கத்தடி றோட்டிலேயே முடிந்தது, அங்கே பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கியும் இல்லை, வரிசையும் இல்லை. நிற்கிற இடத்தில் நின்று அவரவர் தங்களுடைய ஆளைக் கூப்பிட்டார்கள். மகளை, தங்கச்சியை, தாயை. நீ அனியின் பெயரைக் கூப்பிட்டாய். டோரிஸுக்குக் குரல் எடுபடவில்லை, நீ அவளுக்குமாகச் சேர்த்து இரண்டு தரம் கூப்பிட்டாய். அவர்கள் எவ்வளவு சுலபமாகப் பெயரைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் ஓய்ந்த பிறகு டோரிஸ் என் மனுஷனின் பெயரைக் கேட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். நீதான் சொன்னாய், அரசாங்கக் கந்தோரில் சொல்வது போல முழுப் பெயராக, அப்பப்பாவின் பெயரையும் சேர்த்து. உனக்கு அவரை அப்படித்தான் தெரியும், பாவம். டோரிஸ் தலையை ஆட்டிவிட்டு, அது அவருடைய பெயர், நீ அவரை எப்படிக் கூப்பிட்டாய் என்று என்னைக் கேட்டாள். இது உங்களுடைய பிள்ளைகளின் நாள், நான் இதற்குள் வரக்கூடாது என்றேன். எங்களுடைய பிள்ளைகளைக் கூப்பிட்டு முடித்துவிட்டோம், இனி வீட்டுக்குப் போகிற ஆட்கள்தான், போகிற வழியில் யாரும் யாரையும் கூப்பிடலாம் என்றாள்.

நான் கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ!"

இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ஊரில் வீட்டுக்குள்ளே, கிணற்றடிக்குக் கேட்கிற அளவுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வீதி முழுக்கக் கேட்டது.

தம்பி, அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாய். றோட்டுக்கு மற்றப் பக்கத்தில், ஒரு ரெஸ்ரோறண்டின் பின்கதவடியில், ஏப்ரன் கட்டின ஒரு மனிதன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கூப்பிட்டதும் சடாரென்று திரும்பினான். எங்களுடைய ஆள். வயதும் அவ்வளவுதான் இருக்கும். ஒரு கணம், ஒரேயொரு கணம், என்ர நெஞ்சு நின்றுவிட்டது. பிறகு முகம் தெரிந்தது. வேறு முகம். யாரோ ஒருத்தியின் புருஷன். வீட்டில் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள் போலும், பழக்கத்தில் திரும்பியிருக்கிறான். அவன் என்னைப் பார்த்தான், படங்களைப் பார்த்தான், மரத்தில் தொங்கின சட்டைகளைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, நாங்கள் கலையும் வரைக்கும் உள்ளே போகாமல் நின்றான்.

டோரிஸில் இருந்த பொறாமையெல்லாம் அந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. முகமும் தெரியாத, பெயரும் தெரியாத அந்த மனிதனின் பெண்சாதியில் எனக்குப் பொறாமை வந்தது. அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போயிருப்பான். அவள் அடுப்படியில் இருந்து, தலையைக்கூடத் திருப்பாமல், இஞ்சாருங்கோ, அந்தக் குப்பையைக் கொண்டுபோய் வையுங்கோ என்றிருப்பாள். அவன் புறுபுறுத்துக்கொண்டு எழும்பியிருப்பான். எனக்கு அவ்வளவுதான் வேண்டும். படமும் வேண்டாம், மேசையும் வேண்டாம். கூப்பிட்டால் புறுபுறுக்க ஒரு ஆள்.

அதைத்தான் சும்மா என்று சொன்னேன்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது, மணக்கிறது. சரி, போகட்டும். இனி நீ கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். அங்கே போனதும் டோரிஸோடு போய் அனியின் குழியைப் பார். புல்லைப் பிடுங்கு, பனி விழுந்தால் தட்டிவிடு, அவளுக்கு முழங்கால் ஏலாது. எனக்கு அதிலும் பொறாமைதான், ஆனாலும் செய். யாராவது தங்களுடைய ஆளைப் பற்றி உன்னிடம் சொன்னால், எனக்கு விளங்குகிறது என்று சொல்லாதே, அவர் எப்படிச் சிரிப்பார், என்ன சாப்பிடுவார் என்று கேள். என்னையும் நீ அப்படிக் கேட்டிருக்கலாம். இனிக் கேள். போனில் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் கேள், நான் சொல்லுவேன். அவளை அங்கே டோரிஸம்மா என்றே கூப்பிடு, அவளுக்கும் ஒரு பிள்ளை கூப்பிட வேண்டும். எனக்குப் போன் எடுக்கும்போது மட்டும் டோரிஸ் என்று சொல்லு. இந்த ஒன்றை எனக்காக விட்டுக்கொடு.

நீ குளிக்கப் போயிருந்தபோது உன் பெட்டியைத் திறந்தேன். கோபிக்காதே. தடிப்பான அந்த நீலச் சுவெட்டரின் மடிப்புக்குள் அப்பாவின் படம் இருக்கிறது. அதைச் சுவரில் மாட்டாதே. மாலை போடாதே. நான் இருக்கும் வரைக்கும் அதற்கு முன்னால் ஒரு நெருப்புக் குச்சியும் தட்டக்கூடாது. நான் போன பிறகு உன் மனம் போல் செய், அப்போது அவர் உன்னுடைய ஆள். அலுமாரி வெறுமையாகிவிட்டதே என்று யோசிக்காதே. எனக்கு அந்த முகம் மறக்காது, எனக்குக் கூப்பிடவும் தெரியும். உனக்குத்தான் அவரைத் தெரியாது. அதனால் சும்மா இருக்கிற நேரம் அவரை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு பார். தூசி இருக்காது, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அனியைத் துடைத்தாயே, அதே போல, சட்டைக் கையை விரலுக்குள் இழுத்துப் பிடித்து, ஒரு தரம் துடைத்துவிடு.